கவலை மாடும் கரண்டு மோட்டாரும்

சென்னை, பெங்களூரு பக்கம் இருந்து இதைப் படிக்கிற சொந்தக்காரங்க, சிநேகிதருங்க ஊருக்கு வந்தா ஒரு வார்த்தை கண்டிப்பா கேப்பாங்க. "உங்களுக்கென்னங்க, கரண்டு ஃப்ரீ, தண்ணி ஃப்ரீ. அப்புறம் ஏன் வெவசாயம் கட்டலைங்கறீங்க?" கேக்கறவங்க மேல கோவமில்லீங்க. வெளியில இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். ஆனா இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. எங்க அப்பாரு காலத்துல இருந்து, அதாவது அப்பாவைப் பெத்தவரு காலத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

மொதல்ல எங்க மண்ணைச் சொல்லிடறேன். கொங்கு நாட்டுல பெரும்பகுதி மேற்குமலைக்கு இந்தப் பக்கம், மழை மறைவுல கிடக்குது. கேரளாவுல கொட்டற ஆடி மழை, பாலக்காட்டுக் கணவாய் வழியா எங்களுக்கு வெறும் காத்தாத்தான் வரும். வருசத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பேஞ்சா நல்ல வருசம். அடியில கருங்கல்லுப் பாறை. ஆத்து மணல் மாதிரி அது தண்ணியைக் குடிச்சு வச்சுக்காது. மேல இருக்கற ஒடசல்லயும் பாறை வெடிப்புலயும் நிக்கறதுதான் எங்க தண்ணி. அதனாலதான் நெலத்தை நாங்க மூணு பேர் வச்சுக் கூப்பிடறோம். மானத்தைப் பாத்துக் கெடந்தா காடு, கிணறு இருந்தா தோட்டம், ஆத்துப் பாசனம் இருந்தா வயல். எங்க ஊருல முக்காவாசி தோட்டமும் காடும்தான்.

தோட்டத்துக்குத் தண்ணி எடுத்தது கவலையிலங்க. சின்ன வயசுக்காரங்களுக்காகச் சொல்றேன். கிணத்து மேட்டுல உருளை, அதுல வடக்கயிறு, கயித்து முனையில சாலு, சாலுக்கு அடியில தோலுல தைச்ச தும்பி. ஜோடி மாடு சரிவுல இறங்கும்போது சாலு மேல வரும். ஓட்டறவரு பாரத்துக்காக வடத்து மேலயே ஏறி உக்காந்துக்குவாரு. தண்ணி தும்பி வழியா தொட்டியில ஊத்தும். மாடு பின்னாலயே நடந்து மேட்டுக்கு வந்ததும் சாலு மறுபடி கீழ போகும். விடியறதுக்கு முன்னாடி பூட்டினா வெயில் ஏறினதும் அவுத்துருவாங்க. அப்புறம் சாயங்காலம் கொஞ்ச நேரம்.

இதுல ஒரு கணக்கு இருக்குதுங்க. அந்த மாட்டுக்குத் தீனி சோளத்தட்டும் கம்பந்தட்டும். அது எங்கிருந்து வருது? அதே நெலத்துல இருந்து. கதிரு நமக்கு, தட்டு மாட்டுக்கு, சாணி மண்ணுக்கு, மாட்டோட பலம் தண்ணிக்கு. தண்ணி, தீனி, சக்தி மூணும் ஒரே வேலிக்குள்ள சுத்திச்சு. அதிகமா எறைக்கணும்னா அதிக மாடு வேணும், அதிக மாட்டுக்கு அதிகத் தட்டு வேணும், அதுக்கு நெலம் வேணும். அப்பாரு சொல்லுவாரு, "ஒரு கிணத்துக்கு ரெண்டு மூணு ஏக்கராதான்டா, அதுக்கு மேல ஆசைப்பட்டா மாடு படுத்துக்கும்." மாடு ஓய்வெடுக்கற நேரத்துல கிணத்துல ஊத்து ஊறிக்கும். கிணத்தைக் காப்பாத்தினது எங்க முன்னோருங்க புத்திசாலித்தனம்னு நான் பெருமை பேச மாட்டேன். மாட்டோட களைப்புதான் காப்பாத்துச்சு.

அந்தக் காலத்தைச் சொர்க்கம்னும் சொல்ல மாட்டேன். கவலை ஓட்டினதுல பாதிப்பேரு பண்ணையாளுங்க. தும்பி தைச்சுக் குடுத்தவங்க அருந்ததியரு மக்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அவங்க பட்ட பாடு தோட்டக்காரனோட வெளைச்சல்ல இருந்துச்சு, ஆனா கூலியா அவங்க கைக்கு வரலை. மழை பொய்ச்ச வருசத்துல மொதல்ல பட்டினி கெடந்ததும் அவங்கதான். மோட்டாரு வந்தப்ப அந்தக் கட்டுல கொஞ்சம் அறுந்துச்சு. அதுவும் இந்த வரலாத்துல ஒரு பங்குதான்.

இனி மலைக்குப் போலாம். நீலகிரியில பைக்காரா ஆத்துத் தண்ணியைக் குழாயில சுமார் 3,000 அடி கீழ இறக்கிக் கரண்டு எடுக்கற திட்டம் 1932ல ஓட ஆரம்பிச்சுது. அந்தக் கரண்டுதான் கோயமுத்தூரை மாத்துச்சு. மில்லுக வரிசையா வந்துச்சு. மில்லுக்கு வேண்டிய பஞ்சு எங்க தோட்டத்துல கிணத்துத் தண்ணியில வெளஞ்ச கம்போடியாப் பருத்தி. 1937ல ஜி.டி.நாயுடு கூட்டாளியோட சேந்து இங்கயே மின் மோட்டாரு செஞ்சு காட்டினாரு. அப்புறம் பட்டறை பட்டறையா மோட்டாரும் பம்பும் செய்யற ஊராவே கோயமுத்தூரு ஆயிருச்சு. வேற ஊருல மோட்டாரு கடையில வாங்கற சாமான். எங்களுக்கு அது பக்கத்து வீதியில செய்யற சாமான். கொங்கு நாட்டுல மோட்டாரு இவ்வளவு வேகமாப் பரவினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொண்ணு கவனிங்க. பைக்காராவுல கரண்டு எடுத்த தண்ணி வீணாப் போறதில்லை. கீழ மாயாறுல 1952ல இன்னொரு மின்நிலையம் வச்சாங்க, அங்கயும் சுத்திட்டு பவானிசாகருக்கு வருது. 1955ல முடிஞ்ச அந்த அணையில இருந்து கீழ்பவானி வாய்க்கால் 2 லட்சத்துச் சொச்சம் ஏக்கராவுக்குப் பாயுது. மலையில கரண்டு, சமவெளியில நெல்லு, ரெண்டும் ஒரே தண்ணி. அந்தக் கரண்டு கம்பி வழியா வந்து, வாய்க்கால் எட்டாத தோட்டத்துக் கிணத்துலயும் தண்ணி தூக்குச்சு. தண்ணி கீழ விழுந்து உண்டான சக்தி, இன்னொரு தண்ணியை மேல தூக்குது.

காமராஜர் ஆட்சியில கிராமத்துக்கெல்லாம் கம்பம் நட்டாங்க. 1957ல மின்சார வாரியம் வந்துச்சு. இந்தியாவிலயே அதிக மின் பம்புசெட்டு இருக்கற மாநிலமா தமிழ்நாடு ஆச்சு. எங்க கிணத்துக்கு 3 எச்.பி. மோட்டாரு வந்த அன்னிக்கு அப்பாரு மாட்டுக்குப் பொட்டு வச்சுக் கும்பிட்டாருன்னு எங்க ஆத்தா சொல்லும். ஒரு ஜோடி மாட்டோட பலம் ஏறக்குறைய ஒரு எச்.பி.தான். அப்ப 3 எச்.பி. மோட்டாருங்கறது தூங்காத, தட்டு திங்காத மூணு ஜோடி மாடு. சோளம் போட்ட எடத்துல கரும்பு, மஞ்சள், வாழை வந்துச்சு. நாட்டுல அரிசிப் பஞ்சம் இருந்த காலம் அது. ரேசனுக்கு மக்கள் வரிசையில நின்னாங்க. 1966ல ஐ.ஆர்.8 வந்துச்சு. இன்னும் வெளைய வையுங்கன்னு அரசாங்கமே சொல்லுச்சு, நாங்களும் வெளைய வச்சோம். டவுன்ல இருக்கற உங்க பெத்தவங்க சாப்பிட்ட சோத்துலயும் அந்த மோட்டாருத் தண்ணி இருக்குதுங்க.

இந்த எடத்துலதான் எங்க ஊருப் பக்கம் ரத்தம் சிந்துச்சு. 1970ல வெவசாயக் கரண்டு யூனிட்டுக்கு 8 பைசாவுல இருந்து 10 பைசா ஆச்சு. ரெண்டு பைசாவுக்கா போராட்டம்னு இப்ப சிரிப்பு வரும். ஆனா அன்னிக்கு மோட்டாரு இல்லாம பயிரு இல்லை, மாட்டை எல்லாரும் வித்தாச்சு. வெளைச்சலுக்கு வெலை வைக்கறது யாவாரி, கரண்டுக்கு வெலை வைக்கறது வாரியம், நடுவுல வெவசாயி. 1970 ஜூன் 19ந் தேதி பெருமாநல்லூருல நடந்த துப்பாக்கிச் சூட்டுல மூணு வெவசாயிங்க செத்தாங்க. கட்டணத்துல ஒரு பைசா குறைஞ்சுது. மறுபடி ஏத்தினப்ப, 1972ல மாட்டு வண்டிகளைக் கொண்டு வந்து கோயமுத்தூரு ரோட்டையே அடைச்சாங்க. அந்த வருசம் ஜூலை 5ந் தேதி பல ஊருல துப்பாக்கிச் சூடு, இன்னும் பல உசிரு போச்சு. அதனாலதான் இன்னிக்கும் ஜூலை 5ந் தேதியை வெவசாயிங்க நினைவு நாளா வச்சிருக்கோம். அந்தப் போராட்டத்துல முன்னால நின்னவரு வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு. அவரு 1984 டிசம்பர்ல காலமானாரு.

அந்தப் போராட்டத்தோட பலன் படிப்படியா வந்துச்சு. 1984ல எம்.ஜி.ஆர். அரசு சிறு வெவசாயிக்குக் கரண்டை இலவசமாக்குச்சு, மத்தவங்களுக்கு எச்.பி.க்கு இவ்வளவுன்னு வருசத்துக்கு ஒரே கட்டணம். 1990ல கலைஞர் அரசு எல்லா வெவசாயிக்கும் இலவசமாக்குச்சு. 2003ல மறுபடி கட்டணம் போட்டாங்க, 2004ல எலெக்சன் முடிஞ்சதும் எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் கை வைக்கலை. இன்னிக்கு மாநிலத்துல 20 லட்சத்துக்கும் மேல இலவச வெவசாய இணைப்பு இருக்குது.

நான் இலவசக் கரண்டை ஆதரிக்கறவன், அதை ஒளிக்கலை. உசிரைக் குடுத்து வாங்கினது அது. ஆனா மீட்டரு போனதோட இன்னொண்ணும் போச்சு, கணக்கு. எத்தனை யூனிட்டு ஓடுச்சு, எவ்வளவு தண்ணி வந்துச்சுன்னு வெவசாயிக்கும் தெரியாது, வாரியத்துக்கும் தெரியாது. மாட்டுக்குக் களைப்பு இருந்துச்சு. மீட்டருக்கு பில்லு இருந்துச்சு. அதுக்கப்புறம் மோட்டாரை நிறுத்தச் சொல்ல ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம், கிணத்துத் தரை.

தரையும் கீழ போச்சுங்க. எங்க கிணறு அப்பாரு வெட்டினப்ப 45 அடி. எங்கப்பா வெடி வச்சு 80 ஆக்கினாரு. எண்பதுகள்ல கிணத்துக்குள்ள பக்கவாட்டுல சைடு போரு போட்டோம். அப்புறம் நேரா போரு, 300 அடி. அது வத்தி 650. போன வருசம் தெக்கால தோட்டத்துல 1,200 அடி ஓட்டினாங்க, வெள்ளைப் புகையாட்டம் பாறைத் தூள்தான் வந்துச்சு. அந்த ஒரு ராத்திரியில போன காசு, அவங்க வீட்டுப் புள்ளைக்குக் கல்யாணத்துக்கு வச்சிருந்தது. கோயமுத்தூரு, திருப்பூரு மாவட்டங்கள்ல பல வட்டாரத்தை, ஊறறதை விட அதிகமா உறிஞ்சற எடம்னு மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகைப்படுத்தி வச்சிருக்குது.

இப்ப ஒரு கணக்குப் போடலாமுங்க. பத்தாவது படிச்ச கணக்குதான். ஒரு ஏக்கராவுக்கு ஒரு அங்குலம் தண்ணி நிக்கணும்னா ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். ஒரு நல்ல மழை அதைச் சும்மா குடுத்துட்டுப் போயிரும். அதே தண்ணியை 40 அடியில இருந்து தூக்கினா, மோட்டாரு, பம்பு, பைப்புல பாதி சக்தி வீணாப் போறதையும் சேத்து, 7 யூனிட்டு ஆகும். 300 அடியில இருந்து தூக்கினா 50 யூனிட்டு. 1,000 அடியில இருந்துன்னா 165 யூனிட்டுக்கு மேல. உங்க வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு அரசு இலவசமாக் குடுக்கறது 100 யூனிட்டு. அதை விட அதிகம், ஒரு ஏக்கராவை ஒரு தடவை நனைக்கறதுக்கே! மஞ்சளுக்கு 20 தண்ணிக்கு மேல கட்டணும். ஒரு தண்ணிக்கு ஒரு அங்குலம்னு குறைச்சு வச்சாலும், அப்பாரு காலத்து ஆழத்துல 140 யூனிட்டு, இன்னிக்கு ஆழத்துல 3,300 யூனிட்டு. மஞ்சள் அதே மஞ்சள்தான்.

இந்த 3,300 யூனிட்டை யாரு கட்டறா? நான் கட்டலை. அரசு மானியமா வாரியத்துக்குக் குடுக்குது, அது உங்க வரியில இருந்தும் என் வரியில இருந்தும் போறது. ஆனா நான் ஒண்ணும் கட்டலைன்னும் சொல்ல முடியாது. போரு ஓட்டற கூலி, கேசிங் பைப்பு, சப்மெர்சிபிள் மோட்டாரு, ரெண்டு வருசத்துக்கொருக்கா காயில் கட்டறது, எல்லாம் என் கடன். ராத்திரி மட்டும் மூணு ஃபேஸ் வந்த வருசங்கள்ல டார்ச்சைப் புடிச்சுட்டு வரப்புல போயி பாம்புகிட்ட மாட்டினவங்க எத்தனை பேரு! அதனால இலவசக் கரண்டுன்னா இலவசத் தண்ணின்னு நினைச்சுக்காதீங்க. பில்லு எங்கயும் போகலை. ஒரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு எனக்கு, பெரும்பங்கு பூமிக்குன்னு பிரிஞ்சு போச்சு. பூமி மட்டும் திருப்பிக் கேக்காம நாளைக்கு வர்றவங்க கணக்குல எழுதி வச்சுக்குது.

நாங்க மட்டும்தான் எடுக்கறோம்னும் இல்லீங்க. அதே பவானித் தண்ணிதான் பில்லூருல இருந்து கோயமுத்தூருக்குக் குடிக்கப் போகுது. குடிதண்ணிக்கு முதல் பங்குங்கறது சரிதான், அதை யாரும் மறுக்க மாட்டாங்க. ஆனா நொய்யலைப் பாருங்க. திருப்பூரு சாயத்தண்ணி கலந்து ஆத்தோரக் கிணறெல்லாம் கெட்டுச்சு. ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி பயிருக்கு ஆகாமப் போச்சு. 2011ல ஐகோர்ட்டு உத்தரவுல சாயப்பட்டறைகளை மூட வேண்டி வந்துச்சு. இப்ப கழிவை ஒரு சொட்டு வெளிய விடாம சுத்தம் பண்ணணும்னு விதி. அந்தச் சுத்தத்துக்கும் கரண்டு வேணும், கொதிக்க வைக்க வெறகும் நிலக்கரியும் வேணும். தண்ணியைக் கெடுத்தா அதை மறுபடி தண்ணியாக்க சக்தியைத்தான் செலவழிக்கணும். போட்டுட்டு இருக்கற டீ சர்ட்டுலயும் இந்தக் கணக்கு உண்டு.

புதுசா வர்றதும் இதே கதையோட அடுத்த பக்கம்தான். அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்கு எங்க பெரியவங்க 60 வருசம் கேட்டாங்க. 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. பவானியில காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ உபரியாப் போற தண்ணியை ஆறு நீரேற்று நிலையம் வச்சுத் தள்ளி, 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போறாங்க. எங்க பக்கத்துக் குட்டையில தண்ணி பாத்தப்ப பொம்பளைங்க கொலவை போட்டாங்க, நானும் கை எடுத்துக் கும்பிட்டேன். ஆனா அந்த அணைக்கட்டுல இருந்து புறப்படற காலிங்கராயன் வாய்க்கால், 1283ல முடிஞ்சதாச் சொல்றாங்க. வளைஞ்சு வளைஞ்சு 56 மைலு சரிவுலயே நடந்து போகுது, இன்னிக்கு வரைக்கும் ஒரு யூனிட்டுக் கரண்டு கேக்கலை. புதுத் தண்ணி பம்பு ஓடினா வரும், பம்பு நின்னா நிக்கும். அதனால குட்டையில விழுந்த தண்ணிக்குக் கரண்டு செலவாயிருக்குன்னு தெரிஞ்சே நாம தொடணும்.

சோலார் பம்பும் அப்படித்தான். மானியம் நல்லாவே கிடைக்குது. பகல்ல ஓடும், பாம்புப் பயம் இல்லை, நிலக்கரி எரியலை. வாரியத்துக்கும் பாரம் குறையும். எல்லாம் நல்லதுதான். ஆனா சூரியனுக்கும் பில்லு கிடையாது, களைப்பும் கிடையாது. மீட்டரு போனப்ப நடந்தது, பலகையை மாட்டினா மறுபடி நடக்கும், நாமளா ஒரு கணக்கு வச்சுக்கலைன்னா.

கணக்கு வச்சவங்க இருக்காங்க. ஆந்திராவுல 2000க்கு அப்புறம் சில வறண்ட மாவட்டங்கள்ல வெவசாயிங்களே மழையையும் கிணத்து மட்டத்தையும் அளந்து, ஊருக்கு நடுவுல போர்டுல எழுதி, இந்த வருசம் இவ்வளவுதான் தண்ணின்னு பாத்துட்டு என்ன பயிருன்னு முடிவு பண்ணினாங்க. யாரும் அவங்களுக்குக் கரண்டைப் புடுங்கலை, அபராதம் போடலை. கணக்குத் தெரிஞ்சதும் நெல்லைக் குறைச்சவங்க அவங்களே.

எங்க வலசுல நாங்க ஏழு தோட்டக்காரங்க மூணு வருசமா இதைச் செய்யறோம். அமாவாசைக்கு அமாவாசை கயித்துல கல்லைக் கட்டிக் கிணத்துல விட்டு, மட்டத்தை மோட்டாரு ரூமுச் செவுத்துல சாக்பீஸ்ல எழுதி வைக்கறோம். தை அமாவாசைக்கு மட்டம் எங்க நிக்குதுன்னு பாத்துத்தான் கோடைப் பயிரு. ரெண்டு பேரு வாழையை விட்டுட்டு எள்ளு, உளுந்துக்கு வந்துட்டாங்க. மிச்சம் நாலு பேரு சொட்டுநீரு போட்டிருக்காங்க. சொட்டுநீருல மிச்சமான தண்ணியில ஒருத்தரு இன்னொரு ஏக்கரா சேத்து நட்டுட்டாரு, அவருகிட்ட இன்னும் பேசிட்டு இருக்கோம். எம் பையன் ஆயிரம் அடிக்கு ஒரு போரு ஓட்டிரலாம்ப்பாங்கறான். இருக்கற 120 தென்னையில 40ஐ வெட்டிட்டு அந்த எடத்துல கொறைத் தண்ணிப் பயிரு வைக்கலாம்டாங்கறேன் நான். காய்க்கற மரத்தை வெட்டறதுக்கு எனக்கும் கை வரலை. இந்தத் தை அமாவாசை மட்டத்தைப் பாத்துட்டு முடிவு பண்றதுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம்.

ஒரு உதவி கேட்டு முடிக்கறேன். உங்கள்ல பாதிப்பேருக்குச் சொந்த ஊருல இன்னும் ஒரு கிணறு இருக்கும். பொங்கலுக்குப் போனா வீட்டுல பெரியவங்ககிட்ட மூணு விசயம் கேளுங்க. கிணறு வெட்டினப்ப எத்தனை அடி, மோட்டாரு எந்த வருசம் வந்துச்சு, இப்பத் தண்ணி எத்தனை அடியில இருக்குது. கேட்டதைக் கீழ எழுதுங்க. ஊரு பேரு மட்டும் போதும், ஆளு பேரு வேண்டாம். எல்லாத்தையும் சேத்து அடுத்த பதிவுல போடறேன்.